வில் எடுத்தால் எந்தத் தொப்பி? வேலூர் வெயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணியம்பாடியைத் தாண்டி ஒரு மாந்தோப்பில் ஞாயிறு காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வில் எய்கிறோம். கப்பி வைத்த காம்பவுண்டு வில் கிடையாது, குறி பார்க்கிற சைட்டு கிடையாது. மர வில், நாண், மூன்று விரல், அவ்வளவுதான். வைக்கோல் பொதிகளும், ஃபோம் அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு பன்றியும் ஒரு மானும் இலக்கு. புதிதாக வருகிறவர்கள் வில்லைப் பற்றிக் கேட்பதைவிடத் தொப்பியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஊர் வெயில் அப்படி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வேட்டைக்குத் தொப்பி என்கிறீர்களே, இங்கே வேட்டையாடலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டும் வேட்டை என்று நினைக்காதீர்கள், பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். முயல் சின்னதாச்சே, பன்றி பயிரை அழிக்குதே என்ற பேச்சு எதுவும் எடுபடாது. ஜவ்வாது மலை அடிவாரத்திலோ அமிர்தி காட்டுப் பக்கமோ வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியவும் வேண்டாம். நாங்கள் எய்வது ஃபோம் பன்றி. அது செத்தாலும் ஃபெவிக்கால் போட்டு ஒட்டிவிடலாம்.

ஆனாலும் "பழைய வில் வேட்டைக்காரர் தொப்பி" என்று ஒரு விஷயம் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்கா மாதிரி வில்வேட்டைக்கு அனுமதி உள்ள இடங்களில் நூறு வருஷமாக அடிபட்டுத் தேறிய அனுபவம் அது. நம் ஊர் வெயிலுக்கு அதில் எது உதவும், எது உதவாது என்பதுதான் இங்கே பேச்சு.

தொப்பி வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நாணை. வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அகல விளிம்புத் தொப்பி வாங்கி வருவீர்கள், வில்லை முழுசாக இழுத்ததும் நாண் அந்த விளிம்பில் போய் உட்காரும். நாணை மட்டும் நினைத்தால் தொப்பியே போட மாட்டீர்கள், பத்து மணிக்குத் தலை சுற்றும். இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் உங்கள் முகத்துக்கும் உங்கள் வில்லுக்கும் சரிப்படுகிற ஓர் அளவு இருக்கிறது. அதை வில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும், படத்தைப் பார்த்து முடியாது.

வீட்டில் கிரிக்கெட் கேப் கிடக்கிறது, அது போதாதா?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வருஷம், சித்திரை மாசம், நீலக் கலர் கேப். வில்லை இழுத்து விரலை வாய் ஓரத்தில் வைத்தேன் (இந்த நிலையை எல்லோரும் ஆங்கர் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்). கேப்பின் மூக்கு, அதாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கெட்டியான பகுதி, அதன் வலது ஓரத்தில் நாண் லேசாகப் பட்டது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், கேப் தலையில் இரண்டு விரற்கடை நகர்ந்தது. பரவாயில்லை என்று விட்டேன். அம்பு வைக்கோலைத் தொடாமல் பக்கத்து வாழைக்கன்றில் ஏறியது, கேப் சுழன்று கண்ணை மூடிக்கொண்டது. தோப்புக்காரர் வாழைக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க என்னைப் பார்த்தாலே "வாழை எப்படி இருக்கு?" என்பார்.

நடந்தது இதுதான்: நாண் தடையில்லாமல் நேராக முன்னால் பாய வேண்டும். கிளம்புகிற நொடியில் கெட்டியான ஏதோ ஒன்றில் உரசினால் நாண் ஒரு நூலளவு பக்கவாட்டில் தள்ளப்படும். அம்பின் வாலைப் பிடித்திருப்பது அந்த நாண்தான். வாலில் நூலளவு என்றால் பதினைந்து இருபது மீட்டர் தள்ளி அது பெரிசாகக் காட்டும். கேப்பின் மூக்குக்குள் பிளாஸ்டிக் தகடு இருக்கிறது, அது வளைந்து கொடுக்காது. அதுதான் அதன் குற்றம்.

கேப்பைத் திருப்பிப் போட்டால் நாண் பிரச்சனை தீர்ந்தது, பின்கழுத்துக்கும் நிழல். மூஞ்சி வேகும். மாலை ஐந்து மணிக்கு மேல் எய்கிறவருக்கு இது தாராளமாகப் போதும், ஒரு பைசா செலவில்லை.

விளிம்பு எத்தனை அங்குலம் இருக்கலாம்?

வெயிலுக்கு மட்டும் கேட்டால் 7.5 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலம், சுற்றிலும் இருக்க வேண்டும் என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள். வில்லுக்குக் கேட்டால் முன்பக்கம் இரண்டு அங்குலத்தைத் தாண்டியதும் தகராறு ஆரம்பம். ஆனால் இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வில்லை முழுசாக இழுத்த நிலையில் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நாண் உங்கள் வாய் ஓரத்தில் தொடங்கி மேலேயும் முன்னேயுமாகச் சாய்ந்து வில்லின் நுனிக்குப் போகும். நீளமான வில்லாக இருந்தால் அந்தச் சாய்வு குறைவு, நாண் கிட்டத்தட்ட நெற்றியை ஒட்டியே ஏறும். குட்டை வில்லில் நாண் கூர்மையாக மடங்கி முன்னால் விலகிப்போகும், அதனால் அரை அங்குலமாவது கூடுதல் விளிம்பைத் தாங்கும். என்னிடம் 66 அங்குல லாங்போவும் 54 அங்குலக் குதிரை வில்லும் இருக்கின்றன. லாங்போவில் தட்டுகிற அதே தொப்பி குதிரை வில்லில் தட்டுவதே இல்லை.

அடுத்தது ஆங்கர். வாய் ஓரத்தில் வைப்பவருக்குக் கொஞ்சம் இடம் உண்டு. கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் வைத்து அம்பின் மேலாகப் பார்த்து எய்கிறவருக்கு நாண் புருவத்துக்கு நெருக்கமாக வந்துவிடும், அவருக்கு ஒன்றரை அங்குலமே அதிகம். வில்லைச் சாய்த்துப் பிடிப்பவர், நேராகப் பிடிப்பவர், மூக்கு நீளமானவர், தலையை முன்னால் நீட்டுபவர் (இது கெட்ட பழக்கம், தொப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும்), எல்லோருக்கும் கணக்கு மாறும்.

ஒன்று மட்டும் பொது. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இடிப்பது முன்பக்கத்தின் வலது பாதி மட்டும்தான். இடது பக்கமும் பின்பக்கமும் எவ்வளவு அகலமாக இருந்தாலும் நாணுக்குக் கவலை இல்லை. அதனால் நான் செய்வது: மூன்று அங்குலத் துணித் தொப்பி ஒன்றை வாங்கி, வலது முன்பக்க விளிம்பை மட்டும் மேலே சுருட்டி, நாண் சுற்றுகிற மெழுகு நூலாலேயே இரண்டு தையல். சாக்குத் தைக்கிற ஊசி போதும், முடிச்சு உள்பக்கம் வரட்டும், இல்லாவிட்டால் முடிச்சே நாணைப் பிடிக்கும். பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும். என் வீட்டம்மா "யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். இருக்கட்டும். இடக்கைக்காரர்கள் இடது பக்கம் சுருட்டிக்கொள்ளுங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? வில்லைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

லாங் பஜாரில் வில்லோடு நின்றால் கூட்டம் கூடிவிடும். கடையில் செய்யக்கூடியது சின்னதுதான்: தொப்பியைப் போட்டு, இலக்கைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பி, வலது கை விரலை வாய் ஓரத்தில் வைத்து, மற்றொரு கையால் ஒரு கயிறையோ ஸ்கேலையோ அந்த இடத்திலிருந்து முன்னால் மேலே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இடித்தால் வேண்டாம்.

உண்மையான சோதனை வீட்டில். அம்பு இல்லாமல் வில்லை இழுக்கலாம், ஆனால் அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பி வில் உடையும், உடைந்த துண்டு முகத்துக்கு வரும். மெதுவாக இழுத்து, ஆங்கரில் நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். நாண் தொப்பியைத் தொட்டதா என்று உங்களுக்குத் தெரியாமலும் போகலாம், அதனால் விளிம்பின் ஓரத்தில் கொஞ்சம் சாக்பீஸ் பொடி தடவிவிட்டு இழுங்கள். நாணில் வெள்ளை ஒட்டியிருந்தால் தொட்டிருக்கிறது. குனிந்து, முட்டி போட்டு, மேட்டிலிருந்து கீழே பார்த்து என்று நாலு விதமாகவும் இழுத்துப் பாருங்கள். நின்றால் தட்டாத தொப்பி கீழ்நோக்கி எய்யும்போது தட்டும்.

தொப்பியே வேண்டாம், துண்டை முண்டாசு கட்டினால்?

கேட்டாலே சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் மூத்தவர், வயசு அறுபத்தெட்டு, இன்றுவரை துண்டு மட்டும்தான். விளிம்பு என்ற ஒன்றே கிடையாது, நாண் தட்டுவதற்கு எதுவும் இல்லை. போர் செட்டுத் தொட்டியில் நனைத்துப் பிழிந்து கட்டினால் காய்கிற வரைக்கும் தலை குளிர்ச்சி. வறண்ட காற்றுக்கு ஈரத்துணி வேலை செய்வது போல எந்த விலை உயர்ந்த தொப்பியும் செய்யாது. சத்தம் கிடையாது. அம்பு துடைக்கலாம், கை துடைக்கலாம், மாம்பழம் கட்டிக்கொண்டு போகலாம்.

குறை இரண்டு. கண்ணுக்கு நிழல் இல்லை, எதிர்வெயிலில் இலக்கு கரைந்துபோகும். அப்புறம், தொங்கும் முனை. முனையை வலது பக்கம் தொங்கவிடாமல் பின்னால் நன்றாகச் செருகுங்கள், காற்றில் பறந்து நாணுக்கும் விரலுக்கும் நடுவில் வந்தால் அன்றைக்குத் துண்டும் போச்சு அம்பும் போச்சு.

அந்தக் காலத்து வில்வீரர்கள் தலையில் என்ன போட்டார்கள்?

நம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். செங்கம் சுற்றுவட்டாரம் 1989இல் மாவட்டம் பிரியும் வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது, அங்கே ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரர்களுக்கு வைத்த கற்கள் ஏராளம். பல கற்களில் வீரன் ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாளோ குறுவாளோ பிடித்து நிற்பான், தலையில் முடி கொண்டையாக முடிந்திருக்கும். விளிம்பு எதையும் நான் பார்த்ததில்லை. கல் செதுக்கியவர் நாணை நினைத்தா கொண்டை போட்டார் என்று கேட்டால், அது என் ஆசை, வேறொன்றும் இல்லை. ஆனால் முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியவன் நாண் முடியில் சிக்காமல் எய்வான் என்பதில் சந்தேகம் இல்லை.

பனையோலைத் தொப்பி?

வெயிலுக்கு இதைவிட நல்லது கிடையாது. காற்று உள்ளே புகுந்து வெளியே போகும், கனமே இருக்காது. ஆனால் விளிம்பு கெட்டி, நாண் பட்டால் சரக் என்று கேட்கும், சில நாளில் ஓரம் பிரிந்து அந்த ஈர்க்கு நாணைப் பிடித்து இழுக்கும். நான் இதை அம்பு பொறுக்கப் போகும்போது போட்டுக்கொள்கிறேன், எய்கிற இடத்துக்கு வந்ததும் கழற்றிக் கிளையில் மாட்டிவிடுவேன். எய்கிற நேரத்தைவிட அம்பு தேடி அலைகிற நேரம்தானே அதிகம், அதுவும் என்னைப் போன்றவர்களுக்கு.

கொரியாக்காரர்கள் போடுகிற அந்தக் கவிழ்த்த வாளித் தொப்பி நல்லதா?

ரொம்ப நல்லது. ஒலிம்பிக் வில்வித்தை பார்த்தவர்களுக்குத் தெரியும், கொரிய வீரர்கள் பலர் பக்கெட் தொப்பிதான். அதன் விளிம்பு கீழ்நோக்கிச் சாயும், மெத்தென்று இருக்கும், உள்ளே தகடு கிடையாது, நாண் லேசாகத் தொட்டாலும் வளைந்து வழி விடும். பருத்தித் துணியில் கிடைக்கும், பையில் மடித்துத் திணிக்கலாம். யாராவது என்னிடம் ஒரே ஒரு தொப்பி சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன், சுருட்டித் தைக்கிற வேலைகூட இல்லை.

வாங்கும்போது விளிம்பில் வட்டவட்டமாக எத்தனை தையல் ஓடுகிறது என்று பாருங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் விளிம்பு விறைப்பாகிவிடும், காசு கொடுத்து மறுபடியும் கேப் வாங்கின கதை. இரண்டு விரலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தால் துணி அடங்க வேண்டும், துள்ளக் கூடாது. துணியை வெளிச்சத்தில் தூக்கியும் பாருங்கள், பொத்தல் பொத்தலாக வெளிச்சம் வந்தால் வெயிலும் அப்படியே வரும். சில தொப்பிகளில் யூபிஎஃப் 50 என்று அச்சடித்திருப்பார்கள். புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும் என்று அர்த்தம்.

பழைய அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஃபெல்ட் தொப்பி போட்டிருக்கிறார்களே, ஸ்டைலாக இருக்கிறதே?

இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஃப்ரெட் பேர் (1902–1988) என்ற வில்வேட்டைக்காரரின் படங்களைத் தேடினால் பெரும்பாலும் தலையில் ஒரு ஃபெல்ட் தொப்பி இருக்கும், அவருடைய அடையாளமே அதுதான். ஃபெல்ட் என்றால் நெய்த துணி இல்லை, கம்பளியையோ முயல், பீவர் போன்ற பிராணிகளின் மயிரையோ ஈரத்திலும் சூட்டிலும் அமுக்கிச் செய்வது. மழை உடனே உள்ளே இறங்காது, சத்தம் வராது, ஆவி காட்டினால் விளிம்பை எந்த வடிவத்துக்கும் வளைக்கலாம். இந்தக் கடைசிக் குணம்தான் வில்காரனுக்குத் தங்கம். கெட்டிலில் ஆவி பிடித்து நாண் வருகிற இடத்தை மட்டும் மேலே மடித்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும்.

எல்லாம் சரி, அவர் இந்தியா, ஆப்பிரிக்கா வரைக்கும் வேட்டைக்குப் போயிருந்தாலும், அந்தத் தொப்பி பொருந்துவது அலாஸ்கா மாதிரி குளிர் இடங்களுக்கு. நம் ஊரில் மே மாசம் நாற்பது டிகிரியைத் தாண்டும், கம்பளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றால் மூளை இட்லி மாதிரி வேகும். ஆசை விடவில்லை என்றால் மார்கழி, தை மாசக் காலைகளில் போடுங்கள், ஏலகிரிக்குப் போகும்போது போடுங்கள்.

ஆம்பூர் பக்கத்தில் இருக்கிறோம், தோல் தொப்பி செய்து போட்டால் என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் இருப்பதால் இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவை வருகிறது. தோல் காற்றை விடாது, வியர்வையைக் குடித்துப் பிறகு விறைக்கும், விளிம்பு பலகை மாதிரி ஆகும். கைக்கு உறை, முன்கைக்குக் காப்பு, அம்புக்குத் தூணி, இதுக்கெல்லாம் நம் ஊர்த் தோலை மிஞ்ச முடியாது. தலைக்கு வேண்டாம்.

தலையில் தோல் வைத்து ஏற்கெனவே ஒரு வம்பு நடந்த ஊர் வேற இது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்ன உத்தரவு. வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருந்தது, மதத்தைத் தொட்டது. தலையில் என்ன வைப்பது என்பதை மேலிடத்தில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யக் கூடாது என்று அப்போதே சொல்லியாகிவிட்டது, நான் வேறு ஏன் உத்தரவு போடுகிறேன், பிடித்தால் போடுங்கள்.

என்ன நிறம்? இலைதழை அச்சடித்த துணி வேண்டுமா?

ஃபோம் பன்றிக்குக் கண் தெரியாது. வெளிர் காக்கி, சாம்பல், மங்கின பச்சை, எதுவானாலும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம், சூட்டை இழுக்கும். விளிம்பின் அடிப்பக்கம் மட்டும் கருமையாக இருந்தால் தரையிலிருந்து திரும்புகிற வெளிச்சம் கண்ணில் அடிக்காது. பாலாற்று மணலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

அமெரிக்காவில் இருக்கிற என் சித்தப்பா மகன் அங்கே உரிமம் வாங்கி முறையாக மான் வேட்டைக்குப் போகிறான். அவனுக்குக் கணக்கு வேறு. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவது போலப் பளிச்சென்று தெரியாது, ஆனால் நீலமும் அதைத் தாண்டிய புற ஊதாவும் நம்மைவிட நன்றாகத் தெரியும். அங்கே துப்பாக்கி வேட்டைப் பருவத்தில், மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க, பல மாநிலங்களில் பளீர் ஆரஞ்சுத் தொப்பியோ உடுப்போ கட்டாயம். மனிதனுக்குத் தெரியும், மானுக்கு உறுத்தாது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை அங்கேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் நம் வீட்டுச் சமாச்சாரம் ஒன்று உண்டு. "வெள்ளைக்கு வெள்ளை" என்று விற்கிற சோப்புத்தூளில் துணியைப் பளபளக்க வைக்கிற ரசாயனம் இருக்கும், அது புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி அனுப்பும். நமக்கு வெள்ளை, மானுக்கு ட்யூப்லைட். போன தடவை ஊருக்கு வந்தவன் தன் வேட்டைத் தொப்பியை இங்கே துவைக்கப் போட்டுவிட்டான், சித்தி பாசமாகச் சொட்டு நீலமும் விட்டு அலசிக் கொடியில் காயப்போட்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தாடைக்குக் கட்டுகிற நாடா வேண்டுமா?

ஆடிக் காற்றுக்கு வேண்டும், நாணுக்கு ஆகாது. இழுத்துக் கட்டிய நாடா பரவாயில்லை. தொளதொளவென்று தொங்கி அதில் ஒரு மணி வேறு கோர்த்திருந்தால் அது சரியாக வாய் ஓரத்தில், நாண் வந்து நிற்கிற இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். எய்யும்போது நாடாவைப் பின்மண்டைக்குத் தள்ளிக் கட்டுங்கள், அல்லது வெட்டி எறியுங்கள்.

கண்ணாடி போடுகிறவன் நான், ஏதாவது தனி யோசனை?

சின்ன ஃப்ரேம். நாண் தொப்பிக்கு முன்னால் கண்ணாடி ஓரத்தைத்தான் முதலில் தொடும், இரண்டையும் சேர்த்துப் போட்டுச் சோதியுங்கள். தொப்பியின் நெற்றிப்பட்டை கண்ணாடிக் காதின் மேல் ஏறி உட்கார்ந்தால் அரை மணியில் தலைவலி.

பெண்களுக்கு, நீள முடிக்கு?

முதலில் காதில் இருப்பதைக் கழற்றுங்கள், வலது காது ஜிமிக்கி நாணில் மாட்டினால் என்ன ஆகும் என்று எழுதவே கூசுகிறது. கழுத்துச் சங்கிலி சட்டைக்குள். முடியைத் தாழ்வாகப் பின்னலிட்டு முதுகுக்கு நடுவில் விடுங்கள், தோளுக்கு முன்னால் வரக் கூடாது. உச்சியில் கொண்டை போட்டால் எந்தத் தொப்பியும் உட்காராது, கழுத்துக்கு மேலே போட்டால் பின்விளிம்பு இடித்துத் தொப்பி முன்னால் சரியும், சரிந்தால் முன்விளிம்பு நாணுக்குப் போகும். பின்னலோடு பக்கெட் தொப்பி ஒரு சைஸ் பெரிசாக வாங்குவது நல்லது. பூ வைத்திருந்தால் தேனீயும் குளவியும் வரும், தோப்பு என்பதால் சொல்கிறேன்.

நாண் தொப்பியைத் தொடுகிற இடத்தையே ஓர் அளவாக வைத்து எய்தால் என்ன? ஒரே இடத்தில் தட்டினால் ஒரே மாதிரி இழுத்தோம் என்று தெரியுமே?

சிலர் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. தொப்பி தினமும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை, முடி வெட்டினால் இறங்கும், எண்ணெய் தேய்த்தால் வழுக்கும், வியர்வையில் நனைந்தால் விளிம்பு தொங்கும். அளவுகோலே தினமும் மாறினால் அதை வைத்து எதை அளப்பது? விரல் வாய் ஓரத்தில், கட்டைவிரல் தாடை எலும்புக்குக் கீழே. எலும்பு நகராது.

வியர்வை, எண்ணெய், துவைப்பது?

துணித் தொப்பியை ஒவ்வொரு வாரமும் அலசுங்கள். உப்புக் கோடு வெள்ளையாக ஏறிய நெற்றிப்பட்டை விறைத்துப்போய் நெற்றியை அறுக்கும், பட்டை விறைத்தால் தொப்பி தூக்கி உட்காரும், மறுபடி நாண் கதைதான். முறுக்கிப் பிழியாமல் ஒரு சொம்பின் மேல் கவிழ்த்து நிழலில் காயவிட்டால் வடிவம் போகாது.

ஃபெல்ட் வைத்திருப்பவர்கள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த அன்று அதைத் தொடவே தொடாதீர்கள், கறை போகாது. கம்பளியைப் பூந்திக்கொட்டை நுரையில் பச்சைத் தண்ணீரில் மெதுவாகத் துடைக்கலாம், வெந்நீர் பட்டால் சுருங்கிப் பேரனுக்குத்தான் ஆகும். அந்துப்பூச்சிக்கு வேப்பிலைச் சருகோ அந்துருண்டையோ பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் வெயில் தாங்கவில்லை, என்ன செய்ய?

தொப்பியைக் குற்றம் சொல்லாமல் மணியைப் பாருங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல். மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் நாங்கள் எட்டு மணிக்கே வில்லை இறக்கிவிடுவோம்.

அப்புறம் திசை. இலக்கை வடக்குப் பக்கம் வையுங்கள், காலையும் மாலையும் சூரியன் பக்கவாட்டில் போய்விடும், கண்ணில் அடிக்காது. கிழக்கே இலக்கு வைத்துவிட்டு மூன்று அங்குலமா நாலு அங்குலமா என்று விளிம்பை அளந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை, ஏழு மணிச் சூரியன் எந்த விளிம்புக்கும் அடியில் புகுந்து வரும். நேர்மாறாக, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நம் ஊரில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். அப்போது இரண்டு அங்குல விளிம்பே முகம் முழுக்க நிழல் தரும். ஆனால் அந்த நேரத்தில் வெளியே நிற்கிறவனுக்குத் தொப்பியைவிட மோர்தான் முக்கியம்.

வடக்கே இலக்கு என்றதும் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வைத்துவிடாதீர்கள். எங்களுக்கு வடக்கே ஆளுயரத்துக்கு மேல் மண்கரை, அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத முள்காடு. ஒரு தடவை அம்பு தேடிப் போனவர் அந்தக் கரைமேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதற்குள் ஓணான் ஒன்று குடியேறியிருந்தது. அவர் இப்போது துண்டுதான் கட்டுகிறார்.